உற்பத்தி, தரம், விநியோகம்: எந்த நூலிலிருந்து தொடங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில், மேலாண்மை பயிலும் மாணவர்களுக்காக உற்பத்தி மேலாண்மை, தர மேலாண்மை, விநியோகச் சங்கிலி மேலாண்மை ஆகிய மூன்று பாடங்களுக்கும் உரிய நூல்களின் பட்டியல் வெளியாகியிருந்தது. பட்டியலில் உள்ள நூல்களில் பெரும்பாலானவை தகுதியானவையே. ஆயினும், வாகன உதிரிபாகத் தொழிலில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்தபின் தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. படிக்கும் இளைஞர்கள் பலரோடு பேசிப் பழகுகிறவன் என்ற முறையிலும், அந்தப் பட்டியல் அமைந்த விதம் குறித்து எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

மூன்று தாள்கள், தாளுக்கு இரண்டு மூன்று பருமனான பாடநூல்கள் என்று பட்டியல் போகிறது. பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும் வசதிக்காகப் பிரித்த பிரிவு அது. தொழிற்சாலைக்குள் அப்படி ஒரு பிரிவு கிடையாது. ஃபவுண்டரியிலிருந்து வந்த வார்ப்பில் ஒரு வாரம் துளைகள் அதிகம் இருந்தால் அது தரப் பிரச்சினை. அதனால் ரிஜெக்ஷன் கூடி, அடுத்த மெஷின் வேலையின்றி நின்று, பிறகு ஒரேயடியாக வந்து குவிந்த சரக்கை ஓவர்டைம் போட்டு ஓட்டினால் அது உற்பத்திப் பிரச்சினை. அனுப்ப வேண்டிய லாரி இரண்டு நாள் தாமதமாகப் போய், அதைக் கண்டு பயந்த வாடிக்கையாளர் அடுத்த மாதம் தேவைக்கு மேல் ஆர்டர் கொடுத்தால் அது விநியோகப் பிரச்சினை. நடந்ததோ ஒன்றுதான். எதிர்பார்த்தபடி வராத ஏற்ற இறக்கம் ஓரிடத்தில் தோன்றி, காத்திருப்பாகவும் கையிருப்பாகவும் உருமாறி, மூன்று பிரிவுகளின் வழியாகவும் நடந்து போயிருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் புள்ளியியலார் மாறுபாடு என்கிறார்கள். அதை மாணவனின் கண்ணுக்குக் காட்டும் நூல்களை முன்னே வைத்து, சூத்திரங்களைத் தொகுத்துத் தரும் நூல்களைப் பின்னே வைப்பதே முறையான வரிசை என்பது என் கருத்து.

பாடநூல்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெங்களூரு ஐ.ஐ.எம். பேராசிரியர் பி. மகாதேவனின் ‘ஆபரேஷன்ஸ் மேனேஜ்மெண்ட்: தியரி அண்ட் பிராக்டிஸ்’ இந்தியத் தொழில்களிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தருவதால் நம் மாணவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆர். பன்னீர்செல்வத்தின் ‘புரொடக்ஷன் அண்ட் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மெண்ட்’ கணக்குகளைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுவதால் தேர்வுக்குக் கைகொடுக்கும். அமெரிக்க நூல்களில் வில்லியம் ஸ்டீவன்சனுடையதோ, ஹைசர், ரெண்டர் இருவரும் சேர்ந்து எழுதியதோ இருந்தால் போதும். இவற்றுள் ஏதேனும் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் வாங்குவது வீண் செலவு. பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் முந்தைய பதிப்பே தாராளம். ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்குவது சிக்கனம் என்று சொல்லும் சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் 1913இல் வெளியிட்டார். பதிப்புக்குப் பதிப்பு மாறுகிற விஷயமல்ல அது.

அந்தச் சூத்திரத்தை வைத்தே பாடநூல்களின் குறையையும் சொல்லிவிடலாம். மாணவன் அதைத் தசமப் புள்ளி வரை சரியாகக் கணக்கிட்டுக் காட்டுகிறான். ஆனால் விடை 1,000 என்று வரும் இடத்தில் 1,200 வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் விழிக்கிறான். ஆர்டர் செலவையும் இருப்புச் செலவையும் கூட்டிப் பார்த்தால் 2 விழுக்காடுகூட ஏறாது. 2,000 வாங்கினால்தான் 25 விழுக்காடு ஏறும். அதாவது, சூத்திரத்தின் விடையைச் சுற்றி இரு பக்கமும் தாராளமாக இடம் இருக்கிறது. லாரி கொள்ளளவுக்கும் பெட்டிக் கணக்குக்கும் ஏற்ப அதை வளைத்துக்கொள்ளலாம். ஸ்டோர்ஸில் வேலை செய்கிறவனுக்குத் தேவையான செய்தி இதுதான். தேர்வுத் தாளில் இது மதிப்பெண் பெறாது.

முதலில் படிக்க வேண்டிய நூல் என்று நான் எவருக்கும் சொல்வது எலியாகு கோல்ட்ராட் எழுதிய ‘தி கோல்’. 1984இல் வெளிவந்தது. கோல்ட்ராட் இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர். மேலாண்மை நூலை நாவலாக எழுதினார். மூன்று மாதத்துக்குள் நிலைமையைச் சீராக்காவிட்டால் மூடப்படும் என்று எச்சரிக்கப்பட்ட ஒரு தொழிற்சாலை. அதன் மேலாளர் அலெக்ஸ் ரோகோ. அவரிடம் கேள்வி கேட்டே பாடம் நடத்தும் ஜோனா என்ற பேராசிரியர். சாரணச் சிறுவர்களை வரிசையாக மலைப்பாதையில் அழைத்துப் போகும்போது, ஹெர்பி என்ற பையனின் நடைவேகத்துக்கு மேல் மொத்த வரிசையும் போக முடியாது என்பதை ரோகோ கண்டுகொள்ளும் அத்தியாயம் புகழ்பெற்றது. மாணவர்கள் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில், அதே நடைப்பயணத்தின் இடையில் வரும் பகடை விளையாட்டுத்தான் நூலின் உயிர்.

ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் பகடையில் விழும் எண்ணுக்கு ஏற்பத் தீக்குச்சிகளை அடுத்தவரின் கிண்ணத்துக்குத் தள்ள வேண்டும். பகடையின் சராசரி 3.5, பத்துச் சுற்றில் 35 குச்சிகள் கடைசிக் கிண்ணத்தைத் தாண்டி வெளியே வர வேண்டும் என்று கணக்கு சொல்லும். ஆனால் வராது. ஒருவருக்கு 6 விழுந்தாலும் கிண்ணத்தில் இரண்டு குச்சிதான் இருந்தால் இரண்டைத்தான் தள்ள முடியும். 1 விழுந்தாலோ பின்னால் உள்ளவை தேங்கும். நல்ல எண் வீணாகிறது, கெட்ட எண் மட்டும் அடுத்தவருக்குக் கடத்தப்படுகிறது. எல்லா மெஷினுக்கும் சம அளவு திறன் கொடுத்துச் சமன்செய்துவிட்டோம் என்று பெருமைப்படும் திட்டப் பிரிவு அலுவலர்கள் ஒருமுறை இதை மேசையில் உட்கார்ந்து ஆடிப் பார்க்க வேண்டும். கதாநாயகனின் இல்லறச் சிக்கல்களைச் சொல்லும் பக்கங்களை மட்டும் வேகமாகப் புரட்டிவிடலாம். அவற்றைப் படிக்காததால் உற்பத்தி குறையாது.

‘தி கோல்’ படித்தவர்களுக்கு ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. தொழிற்சாலையில் எப்போதும் மொத்த வேகத்தையும் மட்டுப்படுத்தும் ஒரேயொரு இடுக்கு இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்துவிடுகிறார்கள். திருப்பூரில் ஒரு வாரம் அடர்நிறச் சாயம் அதிகம் கேட்கும் ஆர்டர் வந்தால் டையிங்கில் நெரிசல். அடுத்த வாரம் வேலைப்பாடு மிகுந்த டிசைன் வந்தால் பவர் டேபிள் எனும் தையல் பகுதியில் நெரிசல். ஆர்டரின் கலவை மாற மாற இடுக்கும் இடம்பெயரும். கதையாகக் கேட்டதைக் கணக்காகப் புரிந்துகொண்டால்தான் இந்த இடம்பெயர்ச்சி பிடிபடும். அதற்கு வாலஸ் ஹாப், மார்க் ஸ்பியர்மேன் இருவரும் எழுதி 1996இல் முதலில் வெளிவந்த ‘ஃபேக்டரி ஃபிசிக்ஸ்’ என்ற நூலுக்கு இணை வேறொன்றை நான் கண்டதில்லை. தங்கள் பட்டியலில் அது இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

அந்நூலின் அடித்தளமாக இரண்டு முடிவுகள் இருக்கின்றன. இரண்டுமே 1961இல் வெளியானவை. ஒன்று ஜான் லிட்டில் நிறுவியது: உள்ளே நிற்கும் சரக்கின் அளவு, ஒரு நாளில் வெளியேறும் அளவை அது உள்ளே தங்கும் நாட்களால் பெருக்கியதற்குச் சமம். பின்னலாடை யூனிட் ஒன்றில் கட்டிங் முதல் பேக்கிங் வரை 12,000 பீஸ்கள் கிடக்கின்றன, நாளொன்றுக்கு 2,000 பீஸ்கள் வெளியேறுகின்றன என்றால், இன்று வெட்டிய துணி அட்டைப்பெட்டிக்குள் போக 6 நாட்கள் ஆகும். மேற்பார்வையாளர் எவ்வளவு விரட்டினாலும், கிடக்கும் 12,000 குறையாமலும் நாளொன்றுக்கு வரும் 2,000 கூடாமலும் அந்த 6 குறையாது. மற்றொன்று ஜான் கிங்மேன் தந்த காத்திருப்புச் சூத்திரம். ஒரு வேலைக்கு மெஷினில் ஒரு மணி நேரம் பிடிக்கிறது, வேலைகள் வந்து சேரும் இடைவெளியிலும் மெஷின் எடுக்கும் நேரத்திலும் மிதமான அளவுக்கு ஏற்ற இறக்கம் உண்டு, அதாவது சராசரியோடு ஒப்பிட்டு ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் மாறுபாட்டுக் கெழு இரண்டுக்கும் 1 என்று வைத்துக்கொள்வோம். மெஷின் 80 விழுக்காடு நேரம் ஓடினால், ஒரு வேலை வரிசையில் சராசரியாக 4 மணி நேரம் காத்திருக்கும். 90 விழுக்காடு ஓடினால் 9 மணி நேரம். 95 விழுக்காடு என்றால் 19 மணி நேரம். கடைசி 5 விழுக்காட்டைப் பிழிந்தெடுக்கப் போய்க் காத்திருப்பு இரட்டிப்பாவதை இந்த எண்கள் காட்டுகின்றன. விலை உயர்ந்த மெஷின் ஒரு நிமிடமும் சும்மா நிற்கக் கூடாது என்று ஆணையிடும் முதலாளிகள் பலர், டெலிவரி ஏன் தள்ளிப்போகிறது என்றும் அதே கூட்டத்தில் கேட்பார்கள். முதல் கட்டளையே இரண்டாவது கேள்விக்கு விடை என்பதை இந்தச் சூத்திரம் தெரிந்த இளநிலைப் பொறியாளர் ஒரு தாளில் எழுதிக் காட்டலாம். அதே சூத்திரம் வேறொரு வழியையும் காட்டுகிறது: ஓட்டத்தைக் குறைக்க மனமில்லையென்றால் மாறுபாட்டைக் குறைக்க வேண்டும். செட்டிங் நேரம், மெஷின் பழுது, ரீவொர்க் ஆகியவை எல்லாம் அந்த மாறுபாட்டுக்குள்தான் அடங்குகின்றன. ஆக, உற்பத்திப் பாடத்தின் நடுவில் நின்று பார்த்தால் தரப் பாடத்தின் வாசல் தெரிகிறது.

தரப் பாடத்துக்கு நம் பொறியியல் கல்லூரிகளில் டேல் பெஸ்டர்ஃபீல்டும் பிறரும் எழுதிய ‘டோட்டல் குவாலிட்டி மேனேஜ்மெண்ட்’தான் நெடுங்காலமாகப் பாடநூல். அதில் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கின் 14 கொள்கைகள் வருகின்றன. மாணவர்கள் அவற்றை ஒன்று முதல் பதினான்கு வரை நெட்டுருப் போட்டு எழுதுகிறார்கள். அவற்றை டெமிங் ஏன் சொன்னார் என்று அவருடைய சொந்த நூலில் படித்தவர் வெகு சிலரே. ‘அவுட் ஆஃப் த க்ரைசிஸ்’ 1986இல் இந்தப் பெயரில் வெளிவந்தது. கரடுமுரடான நூல். ஒழுங்கான அமைப்பு கிடையாது; கடிதங்கள், புலம்பல்கள், வசைகள், கணக்குகள் எல்லாம் கலந்து கிடக்கும். இருந்தாலும் பின்பகுதியில் வரும் சிவப்பு மணிச் சோதனைக்காகவும் புனல் சோதனைக்காகவும் மட்டுமே அதை வாங்கலாம்.

சிவப்பு மணிச் சோதனையில், ஐந்தில் ஒரு பங்கு சிவப்பும் மீதி வெள்ளையுமாக மணிகள் நிறைந்த பெட்டியில் 50 குழிகள் கொண்ட ஒரு மட்டையை விட்டு ஒவ்வொரு தொழிலாளியும் மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு மணி வந்தால் அது குறைபாடு. சராசரியாக 10 சிவப்பு வரும். ஆனால் ஒருவருக்கு 5 வரும், இன்னொருவருக்கு 15 வரும். மேலாளர் முன்னவரைப் பாராட்டிப் பின்னவரைக் கண்டிக்கிறார். அடுத்த சுற்றில் பாராட்டப்பட்டவருக்கே 14 வருகிறது. கணக்குப் போட்டால் 2 முதல் 18 வரை எது வந்தாலும் அது அந்தப் பெட்டியின் இயல்பே தவிர, அள்ளியவரின் திறமையோ சோம்பலோ அல்ல என்று தெரியும். மாதந்தோறும் ரிஜெக்ஷன் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கடைசியில் நிற்கும் ஆபரேட்டருக்கு மெமோ கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள எண்களுக்குக் கட்டுப்பாட்டு எல்லைகளை, அதாவது இயல்பான ஏற்ற இறக்கத்தின் மேல், கீழ் வரம்புகளை, கணக்கிட்டுப் பார்த்தவர்கள் மெமோவில் கையெழுத்திடத் தயங்குவார்கள்.

புனல் சோதனை அதைவிடக் கூர்மையானது. குறி ஒன்றுக்கு நேர் மேலே புனலைப் பிடித்துக் குண்டு போட்டால், குண்டு குறியைச் சுற்றி அங்குமிங்கும் விழும். விழுந்த இடத்தைப் பார்த்து ஒவ்வொரு முறையும் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்திச் ‘சரிசெய்தால்’, சிதறல் குறையாது. அதை அளக்கும் ‘வேரியன்ஸ்’ என்ற எண் இரு மடங்காகும். கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினில் ஒவ்வொரு பீஸையும் அளந்து உடனுக்குடன் ஆஃப்செட் எனும் திருத்த அளவை மாற்றும் கவனமான ஆபரேட்டர் செய்வது இதைத்தான். அவர் அக்கறையோடு உழைக்கிறார். அளவு அதனாலேயே கெடுகிறது. எப்போது கைவைக்க வேண்டும், எப்போது கைகட்டி நிற்க வேண்டும் என்று சொல்லும் கருவி கண்ட்ரோல் சார்ட். அதை அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் 1924 மே 16 அன்று ஒரு சிறு குறிப்பாகத் தம் மேலதிகாரிக்கு எழுதித் தந்தார். 1931இல் அதை விரித்து நூலாக்கினார். அந்த மூல நூல் இன்றைய மாணவருக்குக் கடினம். அதற்குப் பதிலாக டக்ளஸ் மாண்ட்கோமரியின் ‘இன்ட்ரொடக்ஷன் டு ஸ்டாட்டிஸ்டிகல் குவாலிட்டி கண்ட்ரோல்’ போதும். மேசையில் வைத்திருந்து தேவைப்படும்போது புரட்ட வேண்டிய நூல் அது. 1951இல் முதல் பதிப்பு வந்த பெரிய தொகுப்பான ஜோசப் ஜூரானின் தரக் கட்டுப்பாட்டுக் கையேடும் அப்படித்தான். யாரும் அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தேவையில்லை.

ஷூஹார்ட் 1947-48இல் புள்ளியியலாளர் மகலனோபிஸின் அழைப்பில் இந்தியாவுக்கு வந்து, அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் வழியாக இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு இந்த முறையை அறிமுகப்படுத்தினார் என்பதை நம் மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. டெமிங் ஜப்பானில் தம் புகழ்பெற்ற வகுப்புகளை நடத்தியது 1950இல்தான். அந்த வகுப்புகளின் உரைக்குறிப்புகள் ஜப்பானில் நூலாக விற்றன. உரிமத்தொகையை அவர் அங்குள்ள அறிவியலாளர், பொறியாளர் சங்கத்துக்கே விட்டுக்கொடுத்தார். அந்தப் பணத்தில் 1951இல் தொடங்கப்பட்டதுதான் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு. இந்தியாவில் அதை முதலில் பெற்றது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998இல். 2002இல் டி.வி.எஸ். மோட்டார் பெற்றது. நம் மாநிலத்து உதிரிபாகத் தொழிலில் பின்னர் பல நிறுவனங்கள் அந்தப் பரிசைப் பெற்றன என்பதால், டெமிங்கை வெளிநாட்டு அறிஞர் வரிசையில் ஒருவராக நிறுத்தி மதிப்பெண்ணுக்காக மட்டும் படிப்பது தமிழ்நாட்டு மாணவருக்குச் சற்றும் பொருந்தாது.

தரத்தில் இன்னும் ஒரேயொரு நூலைச் சொல்லி நகர்கிறேன். கவுரு இஷிகாவாவின் ‘கைடு டு குவாலிட்டி கண்ட்ரோல்’ சின்ன நூல். தொழிற்சாலைத் தளத்தில் வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மீன்முள் வரைபடம், பரேட்டோ படம், ஹிஸ்டோகிராம், செக் ஷீட் ஆகியவற்றைப் பள்ளிப் படிப்பு முடித்தவரும் புரிந்துகொள்ளும் வகையில் கற்றுத்தருகிறது. தரப் பிரச்சினைகளைக் கூடிப் பேசித் தீர்க்கும் தொழிலாளர்களின் தரவட்டக் குழுவில் இருப்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். குறைபாடுகளைக் குறைக்கும் முறையான சிக்ஸ் சிக்மாவின் ‘பெல்ட்’ எனும் தகுதித் தேர்வுகளுக்கான வழிகாட்டிகள் தங்கள் பட்டியலில் இரண்டு இருக்கின்றன. மாண்ட்கோமரியைப் படித்தவருக்கு அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை, படிக்காதவருக்கு அவை விளங்கப்போவதும் இல்லை.

டொயோட்டா கார் நிறுவனத்தின் உற்பத்தி முறையைப் பற்றிய நூல்கள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. ஜெஃப்ரி லைக்கரின் ‘தி டொயோட்டா வே’ 2004இல் வந்து பரவலாக விற்றது, நல்ல அறிமுகம். 14 நாடுகளில் 5 ஆண்டுகள் நடந்த எம்.ஐ.டி. ஆய்வின் விளைவாக 1990இல் வந்த வோமாக், ஜோன்ஸ், ரூஸ் ஆகியோரின் ‘தி மெஷின் தட் சேஞ்ச்டு த வேர்ல்டு’ வரலாறாகப் படிக்கத் தக்கது. ஆனால் மூலவரான தாயிச்சி ஓனோ எழுதிய ‘டொயோட்டா புரொடக்ஷன் சிஸ்டம்’ இவை இரண்டையும்விட மிகச் சிறியது. ஜப்பானிய மொழியில் 1978இலும் ஆங்கிலத்தில் 1988இலும் வெளிவந்தது. ஓனோ கார் தொழிலில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். 1932இல் அவர் சேர்ந்தது டொயோடா நூற்பு, நெசவு ஆலையில். 1943இல்தான் கார் நிறுவனத்துக்கு மாறினார். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் சாகிச்சி டொயோடா உருவாக்கியிருந்தார். குறை நேர்ந்த கணமே இயந்திரம் நிற்க வேண்டும் என்ற அந்தக் கருத்தையே ஓனோ தம் முறையின் இரு தூண்களில் ஒன்றாக்கினார். தேவையான பொருள் தேவையான நேரத்தில் தேவையான அளவில் வர வேண்டும் என்பது மற்றொரு தூண். நம்மூரில் இரண்டாவது தூணைப் பற்றியே பேசுகிறார்கள், ஏனென்றால் அதைச் சொல்லி ஸ்டாக்கைச் சப்ளையர் தலையில் கட்டிவிட முடிகிறது. முதல் தூண் இல்லாமல் இரண்டாவதை நிறுத்தினால் லைன் அடிக்கடி நிற்கும் என்பதைக் கோவை, ஈரோடு வட்டாரத்தில் தறியருகே நின்று வளர்ந்த மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. பொருள் நகரும் பாதையை வரைபடம் போட்டுப் பழக விரும்புவோர் மைக் ரோதர், ஜான் ஷூக் இருவரின் ‘லேர்னிங் டு சீ’ என்ற பயிற்சி நூலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

விநியோகச் சங்கிலிக்கு வருவோம். சுனில் சோப்ரா, பீட்டர் மைண்டல் இருவரின் நூலே உலகெங்கும் பாடநூல். செவன்-லெவன் ஜப்பான் போன்ற நிறுவனங்களின் விவரங்களோடு தெளிவாக எழுதப்பட்டது, குறைசொல்ல ஒன்றுமில்லை. இந்தியச் சாலைகளையும் கிடங்குகளையும் அறிந்து எழுதிய நூல் வேண்டுமென்றால் ஜனத் ஷாவின் ‘சப்ளை செயின் மேனேஜ்மெண்ட்: டெக்ஸ்ட் அண்ட் கேசஸ்’ இருக்கிறது, ஜி. ரகுராம், என். ரங்கராஜ் தொகுத்த நிகழ்வாய்வு நூலும் உண்டு. ஆனால் இங்கேயும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது மாறுபாட்டைத்தான். கடையில் விற்பனை ஏறத்தாழ நிலையாக இருக்கும்போதே மொத்த வியாபாரியின் ஆர்டர் அதைவிட அதிகமாக ஆடுகிறது, தொழிற்சாலைக்கு வரும் ஆர்டர் இன்னும் அதிகமாக ஆடுகிறது. புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகளின் டயாப்பர் விற்பனையில் இதைக் கண்டு ‘புல்விப்’ (சாட்டை) என்று பெயரிட்டது. ஹாவ் லீ, பத்மநாபன், சுங்ஜின் வாங் மூவரும் 1997இல் எழுதிய கட்டுரைகள் அதற்கு நான்கு காரணங்களைக் கூறின: ஒவ்வொரு மட்டத்திலும் தனித்தனியே செய்யப்படும் கணிப்பு, மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடும் பழக்கம், தள்ளுபடியால் ஏறி இறங்கும் விலை, தட்டுப்பாடு வரும் என்று அஞ்சிக் கூடுதலாகக் கேட்பது. தீபாவளித் தள்ளுபடியில் சரக்கை வாங்கிக் குவித்துவிட்டு மூன்று மாதம் ஆர்டரே போடாத ஏஜென்ட்டை அறிந்தவர்களுக்கு மூன்றாவது காரணம் விளங்கும். கடை முதல் ஆலை வரை ஆளுக்கொரு மட்டத்தில் அமர்ந்து ஆர்டர் போட்டு ஆடும், எம்.ஐ.டி.யில் 1960களிலிருந்து ஆடப்பட்டுவரும் பீர் விளையாட்டு இதை இரண்டு மணி நேரத்தில் கண்முன் காட்டும். பீட்டர் செங்கேயின் ‘தி ஃபிஃப்த் டிசிப்ளின்’ நூலில் அது விரிவாக வருகிறது. பீர் வேண்டாம் என்று நினைக்கும் கல்லூரிகள் பால் பாக்கெட்டை வைத்து ஆடட்டும்.

மாறுபாட்டை ஒன்றுசேர்த்தால் அது தணியும் என்பதும் இந்தப் பாடத்தில்தான் வருகிறது. சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நான்கு கிடங்குகளில் ஒரே அளவான, ஒன்றையொன்று சாராத தேவை இருந்தால், நான்கையும் ஒன்றாக்கும்போது, தேவை எதிர்பாராமல் கூடினால் சமாளிக்க வைக்கும் பாதுகாப்பு இருப்பு பாதியாகக் குறைகிறது. ஆனால் லாரி ஓட வேண்டிய தூரம் கூடுகிறது. எது இலாபம் என்பதை ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். சோப்ராவின் நூல் அதற்குத்தான்.

ஒரேயடியாக வரும் பேரிடர் வேறு வகை. யோசி ஷெஃபியின் ‘தி ரெசிலியண்ட் எண்டர்பிரைஸ்’, 2005இல் வந்த நூல், 2000 மார்ச்சில் அமெரிக்காவின் அல்புகர்க்கியில் பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் பற்றிய சிறு தீயை விவரிக்கிறது. சில நிமிடங்களில் அணைந்த அந்தத் தீயின் செய்தி நோக்கியாவுக்கும் எரிக்சனுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிடைத்தது. நோக்கியா அன்றாடம் விசாரித்து, மாற்று ஆலைகளைத் தேடி, சிப்பின் வடிவமைப்பையும் மாற்றிக்கொண்டது. எரிக்சன் காத்திருந்து, பெரும் இழப்புக்கு ஆளானது. அதே நோக்கியா 2006இல் திருப்பெரும்புதூரில் ஆலை தொடங்கி 2014இல் மூடியதையும் நம் மாணவர்கள் அறிவார்கள். சப்ளையரைக் கையாளத் தெரிந்தவர் சந்தையையும் கையாளத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

மார்க் லெவின்சனின் ‘தி பாக்ஸ்’ பாடநூல் அல்ல, கண்டெய்னரின் வரலாறு. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கைக் கையால் ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் செலவான காலத்தில், அந்தக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 15.8 சென்ட் ஆனது. திருப்பூர் பனியன் தூத்துக்குடி, கொழும்பு வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சேரும் விலையில் கட்டுப்படியாவது எப்படி என்று யோசிக்கும் வாசகர் எவரும், மேலாண்மை படிக்காதவராயினும், அதை விரும்பிப் படிப்பார்.

தொழிற்சாலை, கிடங்கு, கப்பல் என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். மருத்துவமனைக்கும் இவை பொருந்தும் என்பதற்கு மதுரையே சான்று. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், மருத்துவர் ஒரு மேசையில் கண்புரை அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தம் செய்யப்பட்டிருப்பார். அங்கே மிகவும் அரிதான வளம் அறுவை மருத்துவரின் நேரம்; அது வீணாகாதபடி மற்ற எல்லாவற்றையும் அமைப்பது கோல்ட்ராட் சொன்னதேதான். ஹார்வர்டு 1993இல் இதை நிகழ்வாய்வாக வெளியிட்டது. பவித்ரா மேத்தா, சுசித்ரா ஷெனாய் இருவரும் 2011இல் எழுதிய ‘இன்ஃபினிட் விஷன்’ விரிவான நூல். அதை மனிதாபிமானக் கதையாக மட்டும் படிக்காமல், நோயாளி ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்ற கேள்வியோடு படிக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இவ்வளவுக்கும் நேரம் கிடைக்காது. அவர் ‘தி கோல்’, இஷிகாவா, ஓனோ மூன்றையும் முதல் பருவத்திலேயே படித்துவிடலாம், மூன்றும் கடினமற்றவை. பாடநூல் ஒன்று தேர்வு வரை கூடவே இருக்கட்டும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. சீனிவாசன் என்.பி.டி.இ.எல். எனும் இணையவழிப் பாடத் திட்டத்தில் ஆற்றிய விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைப்பதால், கணக்குகளுக்குத் தனிப்பயிற்சி மையத்தில் பணம் கட்ட வேண்டிய அவசியமில்லை. ‘ஃபேக்டரி ஃபிசிக்ஸ்’ நூலையும் டெமிங்கையும் இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்கி, தம் சொந்த ஷாப் ஃப்ளோரின் எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். எண் இல்லாமல் படித்தால் இரண்டுமே சலிப்புத் தட்டும்.

விலைதான் தடை. ‘ஃபேக்டரி ஃபிசிக்ஸ்’, மாண்ட்கோமரி போன்றவற்றை மாதச் சம்பளக்காரர் சொந்தமாக வாங்குவது எளிதல்ல. சென்னையிலும் மதுரையிலும் அரசு பெரிய நூலகங்களை எழுப்பியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே, ஆனால் ஓசூரில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்துவருகிறவர் அங்கே போய்ப் படித்துவிட்டு வர முடியாது. ஓசூர், கோவை, திருப்பூர், திருப்பெரும்புதூர், ராணிப்பேட்டை ஆகிய தொழில் வட்டாரங்களின் பொது நூலகங்களில் மேற்சொன்ன நூல்களில் தலா இரண்டு படிகள் வைக்க நூலகத் துறை முன்வர வேண்டும். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் உயர்கல்வி நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டு வருகிறது. பாலிடெக்னிக் மாணவர்களுக்காக இஷிகாவாவின் சிறு நூலையும் அந்த வரிசையில் சேர்த்தால், தரவட்டக் கூட்டங்களில் தமிழிலேயே பேசும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கும் அது பயன்படும். தங்கள் கல்விப் பக்கம் இவ்விரு கோரிக்கைகளையும் உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக் கட்டுப்பாட்டு அலுவலர்,
ஓசூர்.